பதினெட்டு பதினைந்தாகிப்போனது

என் வீராங்கனையின் வலு பதினெட்டிலிருந்து பதினேழாகக் குறைந்திருந்ததை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்தான் கவனித்தேன். முதல் நாள் பதினெட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. செல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாடியில் சென்டர், கீழே விசைத்தறிக் கூடம். தறி ஓடும்போது மேஜையில் கை வைத்தால் அதிர்வு முழங்கைவரை ஏறும். என்னோடு பாடம் எடுத்தவர் ஒரே ஒருவர். என்னைவிட இரண்டு வயது இளையவர், பக்கத்துத் தெருச் சௌராஷ்டிரக் குடும்பம். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். யாரோ பிரதி எடுத்துக் கொடுத்த பழைய விளையாட்டு ஒன்றை அவர்தான் ஃப்ளாப்பியில் கொண்டுவந்தார். கூடவே வர வேண்டிய விளக்கப் புத்தகம் வரவில்லை.

ஆறு பேர் கொண்ட ஒரு குழு, பாதாள அறைகளில் இறங்கிப் பூதங்களோடு சண்டை போட வேண்டும். ஆறில் மூன்று பேர் என்னுடையவர்கள், மூன்று பேர் அவருடையவர்கள். மதிய இடைவேளையில் முதல் அரைமணி நேரம் நான் ஆடுவேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து அடுத்த அரைமணி நேரம் ஆடுவார். அந்த நேரத்தில் நான் சாப்பிட்டுவிட்டு, டப்பா கழுவக் கீழே இறங்கிவிடுவேன். ஆக, என் ஆட்கள் தினமும் அரைமணி நேரம் அவர் கையில் இருந்தார்கள்.

பத்து நாளில் வலு பதினாறானது. பிறகு பதினைந்து. ஒவ்வொரு முறையும் குறைந்தது அவர் ஆடிய நேரத்தில்தான். அவருடைய மூவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் சந்தேகத்தோடு வளர்ந்தவள். சமயநல்லூர் பக்கம் எங்களுக்கென்று முதன்முதலாகக் கிடைத்த நிலத்தின் பட்டாவில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போய், அதைச் சரிசெய்ய மூன்று வருடம் அலைந்திருக்கிறோம். நம் பெயருக்கு நேரே இருப்பதை யாரோ தொடுகிறார்கள் என்ற எண்ணம் எனக்குச் சட்டென்று வந்துவிடும். அவர் வீட்டுக்கு போனில் தங்கள் மொழியில் பேசிச் சிரிக்கும்போதெல்லாம், என்னைப் பற்றித்தான் என்று தோன்ற ஆரம்பித்தது.

அவரிடம் கேட்கவில்லை. ஆதாரம் தேடினேன். தினமும் ஆட்டத்தைச் சேமித்ததும், கோப்புகளை என் ஃப்ளாப்பியில் பிரதி எடுத்தேன். அவர் ஆடி முடித்தபின் மறுபடியும் ஒரு பிரதி. இரண்டையும் ஒப்பிட்டு, எந்த இடத்தில் எது மாறியிருக்கிறது என்று காட்டும் கட்டளை ஒன்று அந்தக் காலக் கம்ப்யூட்டரின் டாஸில் இருந்தது. கோப்பை உள்ளபடியே திறந்து காட்டும் சிறு நிரலும் கைவசம் இருந்தது.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோப்பு. தொடக்கத்தில் நான் வைத்த பெயர் அப்படியே எழுத்துகளாக இருந்தது. அதையடுத்து வெறும் எண்கள். வலு ஓர் இடத்தில், அறிவு அடுத்த இடத்தில், வேகம் அதற்கடுத்த இடத்தில். ஓர் இடத்தில் இருநூற்று ஐம்பத்தைந்துவரைதான் எழுத முடியும். அதைவிடப் பெரிய எண் என்றால் இரண்டு இடங்களில் பிரித்து, சிறிய பகுதியை முன்னால் வைத்திருந்தார்கள். பூட்டு எதுவும் கிடையாது. எண்ணை மாற்றி எழுதினால் விளையாட்டு அதை அப்படியே நம்பிவிடும். இதைப் பார்த்ததும் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. எனக்கே இவ்வளவு சுலபம் என்றால் அவருக்கு?

அடுத்த வியாழக்கிழமை அவருடைய மந்திரவாதியின் கோப்பைத் திறந்து, அறிவு இருந்த இடத்தில் பதினெட்டை ஒன்பதாக்கினேன். மறுநாள் அவர் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தேன்.

அவர் ஆட்டத்தைத் திறந்து திரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, டிஸ்க் கெட்டுப்போச்சு போல. என் ஆளுக்கு அறிவு பாதியாயிருச்சு. உங்க ஆளுங்களுக்கும் எதுவும் கொறஞ்சிருக்கான்னு பாருங்க.”

பார்க்கிறேன் என்றேன். நன்றாக நடிக்கிறார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என் பிரதிகளில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. என் மூவரின் கோப்பிலும் ஒரு ஜோடி எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. அவை அவர் ஆடும் நேரத்தில் மாறவில்லை. நான் ஆடும் நேரத்தில்தான் மாறின. அதைப் பிடிக்க ஒரு சனிக்கிழமை, வகுப்பு தொடங்குமுன் வந்து தனியாக உட்கார்ந்தேன். ஒரே ஒரு காரியம் செய்வது, சேமிப்பது, ஒப்பிடுவது. நடந்தேன், அது மாறவில்லை. சண்டை போட்டேன், மாறவில்லை. ஆட்டத்தில் வரும் சத்திரத்தில் என் வீராங்கனையைப் படுக்க வைத்தேன். நான் எப்போதும் செய்வது அதுதான். அடிபட்டு வந்தால் என் மூவரையும் காயம் முழுக்க ஆறும்வரை சத்திரத்தில் விட்டுவிடுவேன். அவருடையவர்களை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். ‘ஒரு வாரம் கழிந்தது’ என்று திரை சொல்லும். அன்று ஏழு வாரம் கழிந்தது. அந்த எண்ணும் சரியாக ஏழு ஏறியிருந்தது.

இரண்டு இடங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். அறுபது, பத்து. பத்தை இருநூற்று ஐம்பத்தாறால் பெருக்கி அறுபதைக் கூட்டினால் இரண்டாயிரத்து அறுநூற்றிருபது. வாரங்கள். ஐம்பத்திரண்டால் வகுத்தேன். ஐம்பது வயது.

திரையில் எங்குமே காட்டாத வயதை, கோப்பு வாரக் கணக்கில் வைத்திருந்தது. வலு குறைந்த நாட்களெல்லாம் அவள் ஒரு நிலை உயர்ந்த நாட்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வயது கூடிய ஆள் அடுத்த நிலைக்கு உயரும்போது வலு குறையும். நிலை உயர்வது சண்டையில். சண்டை போடுவது பெரும்பாலும் அவர். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அவர் கையில் குறைந்தது. என் ஆட்களைக் கிழடாக்கியது நான்.

நம்ப முடியாமல் இன்னொரு பிரதியில் வயதை இருபது வருடத்துக்குரிய வாரங்களாக எழுதி, நிலை உயரும்வரை சண்டை போட்டுப் பார்த்தேன். வலு குறையவே இல்லை.

திங்கட்கிழமை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரதி எடுத்தது, ஒப்பிட்டது, மந்திரவாதியைக் கெடுத்தது. வயதுக் கணக்கைச் சொன்னால் ஆச்சரியப்படுவார், அதோடு மற்றது அமுங்கிவிடும் என்று ஓர் ஆசை. அவர் வயதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“எம்புட்டு நாளா என்னையப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

“மூணு வாரம் இருக்கும் தம்பி.”

“கேட்டிருக்கலாம்லக்கா.”

அவ்வளவுதான். மந்திரவாதியின் பழைய கோப்பை எடுத்து மீண்டும் வைத்தேன். அவர் நன்றி சொன்னார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுநாள் அவர் ஒரு புது ஃப்ளாப்பியோடு வந்தார். தன் மூவரையும் அதில் ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டார். அன்றிலிருந்து அவருடைய ஆட்கள் அவர் சட்டைப்பையில் வந்து, சட்டைப்பையில் போனார்கள்.

விளையாட்டை நாங்கள் நிறுத்தவில்லை. சேர்ந்தே ஆடினோம், பேசினோம், அவர் வீட்டிலிருந்து எனக்குப் புளியோதரைகூட வந்தது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் புதுக் கோப்பையும் பழைய கோப்பையும் ஒப்பிடும் கட்டளையை அவர் அடிப்பார். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவர் அடிக்கத் தொடங்கும்போது நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். அவர் வரிவரியாகப் படித்து முடிக்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.