ஆள் நிறுத்தாமல் திறந்த பூட்டு

ஸ்டெனியின் அம்மை ஜெபகனியும் நானும் அக்காள் தங்கச்சி மக்கள், அந்த வழியில் நான் அவனுக்குப் பெரியம்மை. அவள் பெற்றது இரண்டு. மூத்தவள் தங்கபாய், அவளைக் கட்டியவன் சுந்தர்சிங். இளையவன் ஸ்டெனி, அவனுக்கு மேல்புறத்திலிருந்து பெண் எடுத்தோம். அவள்தான் ரீத்தா. இது ரீத்தாவின் கதை. ஆனால் யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாவிட்டால் அவள் ஏன் கெட்டாள் என்பதும் தெரியாது. அதனால் அதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

ஸ்டெனி சார்ஜாவில் ஒரு பூட்டுக் கடையில் நின்று தொழில் பழகியவன். திரும்பி வந்து குழித்துறைச் சந்தைப் பக்கம் ஒரு பெட்டிக்கடை போட்டான். சாவியை எங்கள் பக்கம் தாக்கோல் என்போம். தாக்கோல் தொலைந்தது, ஒடிந்தது, பீரோ திறக்கவில்லை என்றால் ஸ்டெனியைத்தான் விளிப்பார்கள். ஒரு குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலுக்குப் போகப் பல் தேய்த்துக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தான். உயிர் தப்பியது. வலது கை போய்விட்டது, பேச்சும் பாதி குழறியது. இடது கையும் நடுங்கும். அரம் பிடிக்கிறவனுக்குக் கை இல்லையென்றால் பின்னே என்ன இருக்கிறது?

கடையை விட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். ரீத்தா விடவில்லை. "உங்களுக்குக் கை இல்லை, எனக்கு வெவரம் இல்லை. ரெண்டையும் சேத்து ஒரு ஆளாக்குவோம்" என்றாள்.

அவளுக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் கடைக்குச் சோறு கொண்டுபோவதும், வெட்டாத சாவித் தகடுகளை எடுத்து நீட்டுவதும்தான். முதல் நாள் ஸ்டெனி, தான் முன்பே குறுக்கே அறுத்து வைத்திருந்த ஒரு பூட்டை எடுக்கச் சொன்னான். உள்ளே குட்டிக் குட்டிப் பின்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்பிரிங். சரியான தாக்கோல் போனால் எல்லாப் பின்னும் அதனதன் உயரத்துக்கு எழும்பும், பூட்டு சுற்றும். தாக்கோல் இல்லாதபோது அந்த வேலையை இரண்டு கம்பி செய்ய வேண்டும். வளைந்த கம்பி பூட்டை லேசாகத் திருக்கிக்கொண்டே இருக்கும். மெல்லிய கம்பி பின்களை ஒன்றொன்றாகத் தூக்கும். கண்ணுக்கு அங்கே வேலை கிடையாது. எல்லாம் விரல் நுனிதான்.

"ஏட்டி, மாவா பெசையுத? பைய, பைய" என்பான் ஸ்டெனி, கட்டிலில் சாய்ந்துகொண்டு.

"பையத்தான் செய்யியேன். உங்களுக்கு வாய் மட்டும் நல்லா சொகமாயிட்டு வருது."

அவன் சிரிப்பான். கோணிய வாயில் அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு ஆகாது. நான் முற்றத்தைப் பார்த்துக்கொள்வேன்.

பீரோப் பூட்டு வேறு மாதிரி. அதற்கு வெட்டாத சாவியை மெழுகுதிரியில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, பூட்டுக்குள் விட்டுத் திருக்கி வெளியே எடுக்க வேண்டும். உள்ளே தட்டுகிற இடத்தில் கரி அழிந்து மினுங்கும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவ வேண்டும். திரும்பவும் கரி, திரும்பவும் அரம். கொஞ்சம் கூடுதல் ராவினால் சாவி குப்பைக்கு. ரீத்தா எத்தனையோ சாவியைக் குப்பைக்கு அனுப்பினாள். சோறு கொதிக்கும்போது அடுக்களையில் கண்ணை மூடிக்கொண்டு மடியில் பூட்டை வைத்து நோண்டுவாள். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "களவுக்கு எறங்கப் போறியாட்டீ?" என்று கேட்டாள். "உனக்க வீட்டுலதான் தொடக்கம்" என்றாள் இவள்.

இப்படி ஒரு மழைக்காலம் கழிந்தபோது அவளுக்குக் கை வந்துவிட்டது.

பெண் ஒருத்தி பூட்டுத் திறக்க வருகிறாள் என்பது எங்கள் பக்கத்துக்குத் தோதாகத்தான் இருந்தது. பாதி வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில். படுக்கையறைக்குள் பீரோ திறக்க ஓர் அந்நிய ஆணை விடப் பெண்களுக்கு ஒரு மடி, ஒரு கூச்சம். சஜிதா என்று ஒரு பெண், கைக்குழந்தை உள்ளே கிடக்க அறைக் கதவு அடைபட்டுப் போய், தெருவில் நின்று அலறியிருக்கிறாள். ரீத்தா ஓட்டோவில் போய் இறங்கித் திறந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு சஜிதா சொல்லி ஒருத்தி, அவள் சொல்லி வேறொருத்தி. அந்த நாட்களில் ரீத்தா நடந்து போவதைப் பார்த்தால் தோளில் கம்பியும் அரமும் போட்ட பை கிடப்பதே ஒரு சீராக இருக்கும்.

ஸ்டெனிக்குத் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. ஆள் இல்லாத வீட்டைத் திறப்பதானால் முதலில் இடப்பக்கத்து வீட்டிலும் வலப்பக்கத்து வீட்டிலும் ஒவ்வோர் ஆளை விளித்து முற்றத்தில் நிறுத்த வேண்டும். சொந்தக்காரர் வெளிநாட்டில் என்றால் வீடியோவில் அவர் முகத்தைப் பார்த்து, அவர் வாயால் சரி என்று சொன்ன பிறகே கம்பியை எடுக்க வேண்டும். "ஆளை நிறுத்தாம பூட்டைத் தொடாத" என்று ரீத்தாவுக்கு எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவளும் தவறியதில்லை. பெரிய உத்தியோகஸ்தர்களையே வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறாள்.

அந்த ஆண்டு சுந்தர்சிங்கின் அம்மை அன்னம்மாள் இறந்தாள். அவளுக்கு இரண்டு மக்கள். சுந்தர்சிங், அப்புறம் கடைக்குட்டி பிரீனா. பிரீனா குவைத்தில் நர்ஸ். அடக்கத்துக்கு வந்தவள் போகிற போக்கில் அம்மையின் வீட்டைப் பூட்டித் தாக்கோலைக் கையோடு கொண்டு போய்விட்டாள். வீடு யாருக்கு என்று இரண்டு பேருக்கும் பேசித் தீராமல் கிடந்தது. இது எங்களுக்குள் யாருக்கும் தெரியாது. வெளியே பூட்டு தொங்கினது மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் சுந்தர்சிங் ஸ்டெனி வீட்டுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன்.

"மக்களே ரீத்தா, அம்மைக்க வீட்டுத் தாக்கோல் எங்கயோ போச்சு. மேல ஓடு ஒழுகுது. பீரோவுல துணிமணி கெடந்து நனையும். ஒண்ணு வந்து தொறந்து தா."

ரீத்தா ஸ்டெனியைப் பார்த்தாள். பிறகு தயங்கிக்கொண்டே, "பிரீனாவுக்கு ஒரு விளி விளிக்கட்டா அண்ணே?" என்றாள். ஸ்டெனியின் அக்காள் புருஷன் ஸ்டெனிக்கு அத்தான், அவளுக்கு அண்ணன் முறை.

அவன் முகம் சுருங்கியது. "அவ டூட்டியில கெடப்பா. நான் பெறந்த வீட்டைத் தொறக்க எனக்க தங்கச்சிகிட்ட சம்மதம் கேக்கணும், அப்படித்தானே? பக்கத்து வீட்டுக்காரனையும் விளிச்சு நிறுத்துவியோ? நிறுத்து. அத்தான் கள்ளன் இல்லைன்னு அவன் சாட்சி சொல்லட்டும்."

எழுந்தே விட்டான். ரீத்தாவின் கல்யாணத்தில் தாலிக்குக் கடைசி முடிச்சுப் போட்டது இவன் பெண்டாட்டி. ஸ்டெனி சரிந்தபோது ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தது இவன். அந்த மனுசனை முற்றத்தில் நிறுத்தி, நீ வீட்டுக்காரன்தானா என்று ஊராரைக் கேட்கிறதா? அதைவிட வெட்டுக்கத்தி எடுத்து உறவை வெட்டிப் போடலாம்.

"அத்தானல்லா" என்றான் ஸ்டெனி கட்டிலிலிருந்து. "போ, போயி தொறந்து குடு."

கட்டாயத்தைச் சொல்லிக் கொடுத்தவன் வாயாலேயே அது போயிற்று. ரீத்தா பையை எடுத்தாள்.

வாசல் பூட்டு சீக்கிரம் திறந்தது. பீரோவுக்கு வெகு நேரம் ஆயிற்று. திறந்து கொடுத்து, உள்ளே என்ன என்று பார்க்காமல் அவள் நேரே வெளியே வந்து நின்றாள். அது அவள் வழக்கம். மறுநாள் பார்த்தால் அந்த வீட்டில் புதுப் பூட்டு தொங்குகிறது. அடுத்த வாரம் வாடகைக்கு ஆள் வந்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரன் குவைத்துக்குச் சொல்லியிருக்கிறான். பிரீனா லீவு போட்டு வந்திறங்கி, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். வீட்டை உடைத்துத் திறந்தார்கள், பீரோவிலிருந்த அம்மையின் இரட்டைச் சங்கிலியைக் காணோம் என்று எழுதிக் கொடுத்தாள்.

ரீத்தாவையும் விளித்தார்கள். போனாள். "திறக்கச் சொன்னது இவர், நான் திறந்தேன்" என்று நடந்ததைச் சொன்னாள். சாட்சி யார் என்று கேட்டார்கள். வீட்டில் அவன் கேட்டதைக் கேட்ட ஸ்டெனியும் நானும் அவளுக்குச் சொந்தம், பூட்டைத் திறந்தபோது பக்கத்தில் நின்ற சாட்சி இல்லை. சுந்தர்சிங் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "வாசலைத் தொறக்கத்தான் சொன்னேன் சார். பீரோவை நான் சொல்லல. நான் ஓடு பாக்க மேல ஏறினேன். கீழ அவ தனியாத்தான் நின்னா."

ரீத்தா "அண்ணே" என்று ஒரு தடவை மட்டும் விளித்தாளாம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பையை அங்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஸ்டெனி சார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கம்பிகள், அவள் கைக்கென்று ராவி எடுத்தவை, எல்லாம் அதில்.

சங்கிலி எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். அன்னம்மாள் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், அதற்கு முன் பேத்தி ஞானஸ்நானத்துக்கு வந்தபோதும் அவள் கழுத்து வெறுங்கழுத்து. நான் கண்ணால் பார்த்தேன். சங்கிலி அதற்கு முன்பே அவள் கையைவிட்டுப் போயிருக்கும். சபைப் போதகர் வீட்டில் அண்ணனையும் தங்கச்சியையும் உட்கார வைத்துப் பேசினபோது இதைச் சொன்னேன்.

"மாமிக்கு ஓர்மை பெசகிப்போச்சு" என்றான் சுந்தர்சிங், என் வயசைக் காட்டி. எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள்.

"எங்க அம்மைக்க கழுத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா மாமி?" என்றாள் பிரீனா.

அதில்தான் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றானார்கள். அண்ணன் எடுத்தான் என்று சொல்லத் தங்கச்சிக்கு மனசில்லை. எடுத்தேன் என்று சொல்ல அண்ணனுக்கு வழியில்லை. சங்கிலி போனது போனதுதான், கூடப் பிறந்தவன் மேல் எதற்குக் கேசு என்று பிரீனா எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினாள். வீட்டில் ஆளுக்குப் பாதி. போதகர் ஜெபித்தார். பிரீனா அண்ணன் தோளில் சாய்ந்து அழுதாள். பார்க்க நல்ல காட்சிதான். ரீத்தாவைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லவில்லை. நல்லதாகவும் சொல்லவில்லை. கேஸ் இல்லாததால் அவள் குற்றவாளி இல்லை என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

பிறகு நடந்ததற்குச் சத்தமே கிடையாது. ரீத்தா கடையைத் திறந்து வைத்திருந்தாள். எதிரே இரும்புக்கடை. அவள் போய்ப் பூட்டுத் திறந்து கொடுத்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்தக் கடைக்கு வந்து புதுப் பூட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் இவளைப் பார்த்துத் தலையும் ஆட்டினார்கள். சஜிதா வந்த அன்று ரீத்தா தானே எழுந்து போய்க் கேட்டிருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல அக்கா. அவரு அங்கயிருந்து விளிச்சுச் சொன்னாரு, மாத்துன்னு. நான் என்ன செய்ய?" என்றாளாம் சஜிதா, பூட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு.

பையைக் கேட்டு ரீத்தா ஸ்டேஷனுக்கு நடந்தாள். பொறுப்பானவர் இல்லை என்றார்கள். பிறகு மாறிப் போய்விட்டார் என்றார்கள். அத்தானுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னான் ஸ்டெனி. போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் எடுத்ததும் ஸ்டெனிக்கு வாய் குழறி அழுகைதான் வந்தது, பேச்சு வரவில்லை. சுந்தர்சிங் கொஞ்ச நேரம் கேட்டிருந்துவிட்டு வைத்துவிட்டான்.

கடை கை மாறியது. இப்போது அங்கே மொபைலுக்கு உறை விற்கிறார்கள். ரீத்தா முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனிக்குப் போகிறாள். எங்கள் பேச்சில் அண்டி ஆபீஸ். கொட்டைத் தோட்டிலிருந்து வடிகிற எண்ணெய் தோலைத் தின்னும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள், ஆனாலும் தின்னும். அவள் விரல் நுனிகள் கறுத்துத் தடித்துவிட்டன. சோற்றின் சூடு விரலுக்குத் தெரியவில்லை என்று என்னிடம் ஒரு நாள் சொன்னாள், வேறு எதையோ சொல்கிற மாதிரி.

போன மாசம் கம்பெனியில் முந்திரிப் பருப்பு வைக்கும் அறையின் பூட்டு சிக்கிக்கொண்டது. இதை என்னிடம் சொன்னது பிந்து, ரீத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிறவள். மேஸ்திரி தாக்கோலை இப்படியும் அப்படியும் திருக்கிப் பார்த்துவிட்டு, "பூட்டு வேலை தெரிஞ்ச ஆளு யாராவது உண்டா?" என்று பொதுவாகக் கேட்டிருக்கிறான். பிந்துவுக்கு ரீத்தாவின் பழைய கதை அரைகுறையாகத் தெரியும். முழங்கையால் இடித்து, "உனக்குத்தான் தெரியுமே ரீத்தா, போயேன்" என்றிருக்கிறாள்.

"எனக்கு என்ன தெரியும்? வேலையைப் பாரு பெண்ணே" என்றாளாம் ரீத்தா.

மேஸ்திரி கம்பிப்பாரை கொண்டுவரச் சொன்னான். இரண்டு பேர் சேர்ந்து நெம்பினார்கள். பூட்டோடு கதவின் பலகையும் பிளந்துகொண்டு வந்தது. எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். ரீத்தா சாம்பலில் விரலைத் தோய்த்து அடுத்த கொட்டையை எடுத்தாள்.