இரண்டு நகராட்சிக்கும் நடுவில் நின்ற என் தம்பி

தம்பி நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. சர்ச்சில் நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் மூத்தவள் நான் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பிறந்தது நெல்லித்தோப்பில், கிழக்கு வரிசையில் உள்ள எங்கள் வீட்டில். அப்பா நகராட்சி ஆபீசில் பியூன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் கடைசிவரை அதை ‘மேரி’ என்றுதான் சொல்வார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் தம்பி, தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டு கவுன்சில் கூடும் அறையை எட்டிப் பார்த்தபடியே நிற்பாராம். அப்பா போன பிறகு மர வாடியில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். எனக்கும் கல்யாணம் செய்துவைத்தார். தூரத்தில் இல்லை, எதிர்வீட்டிலேயே.

எதிர்வீடுதான், ஆனால் வேறு நகராட்சி. எங்கள் தெருவில் கிழக்கு வரிசை ஒன்று, மேற்கு வரிசை இன்னொன்று. நடுவில் ஓடும் வாய்க்கால்தான் எல்லை. கிழக்கு ஆட்கள் அள்ளும் சேற்றை மேற்குக் கரையில் போடுவார்கள். மேற்கு ஆட்கள் அதைக் கிழக்குக் கரைக்குத் தள்ளுவார்கள். மழை பெய்தால் எல்லாம் மறுபடி வாய்க்காலுக்குள் போய், தண்ணீர் இரண்டு வரிசை வீட்டுக்குள்ளும் ஏறும்.

பல வருஷம் கழித்து நகராட்சித் தேர்தல் வந்தது. தம்பி நின்றார். நான் வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டேன். ஓட்டன்று முதல் ஆளாக அவர் பூத்துக்கே போய் நின்றேன். அங்கே இருந்தவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, “நீங்க அந்தாண்ட நகராட்சிம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். தெரு முழுக்கச் சிரித்தார்கள். என் ஓட்டு இல்லாமலே தம்பி ஜெயித்தார்.

அந்த வருஷ மழையிலும் என் வீட்டில் முழங்கால் தண்ணீர். நேராகப் போய்க் கேட்டேன்.

“ஏன்டா, கவுன்சிலராயி என்னத்த கிழிச்ச? அக்கா ஊட்ல தண்ணி நிக்குது பாரு.”

“உன் வீடு என் எல்லையில இல்லியேக்கா.”

“அப்ப என் கையால வெச்ச மீன் கொழம்பு மட்டும் எல்ல தாண்டி வருதா? இனிமே வராது போ.”

சொன்னபடியே குழம்பை நிறுத்தினேன். ஒரு வாரம் பேசவும் இல்லை.

எட்டாம் நாள் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி நின்றார். இரண்டு நகராட்சி மேஸ்திரிகளும் கரையில் நின்றார்கள். “சேறு இந்தப் பக்கமும் போவக் கூடாது, அந்தப் பக்கமும் போவக் கூடாது. வண்டியில போவணும். ஒரு வாரம் உங்க வண்டி, ஒரு வாரம் எங்க வண்டி” என்றார். அதை இரண்டு கவுன்சிலிலும் தீர்மானமாக்க மாதக்கணக்கில் நடந்தார். தீர்மானம் ஆன அன்று நானே குழம்பைக் கொண்டுபோய் வைத்தேன்.

அப்புறம் கவுன்சிலின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை. புதிது புதிதாக வந்த அதிகாரிகள் “அப்படி உத்தரவே இல்லை” என்பார்கள். தம்பி இரண்டு தீர்மான நகலையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். “இப்ப நீங்க கவுன்சிலரே இல்லியே, யாரு நீங்க?” என்று ஒருவர் கேட்டாராம். “தெருக்காரன்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். மறுநாள் வண்டி வந்தது. எத்தனை வருஷம் இப்படி நடந்தார் என்பது தெருவுக்கே தெரியும்.

மனைவியும் போய், உடம்பும் முடியாமல் போனபோது அவரை என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். கட்டிலில் படுத்ததும், “எல்ல தாண்டிட்டேன்க்கா” என்றார்.

“இங்க உனக்கு ஓட்டு கெடயாது. கம்முனு படு” என்றேன். சிரித்தார். அங்கேதான் கண் மூடினார்.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் நகராட்சி ஆட்கள் வந்து வாசலில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். தெருவின் பாதியில், வாய்க்காலோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு அந்தாண்டை அவர்கள் வேலை இல்லை. அன்று விடியற்காலையில் கோலம் போடக்கூட யாரும் இன்னும் எழவில்லை. நான் வெளியே வந்து பார்த்தால், இரண்டு நகராட்சி ஆட்களும் சேர்ந்து நிற்கிறார்கள். என் வாசலிலிருந்து தம்பி பிறந்த வீட்டு வாசல் வரைக்கும் ஒரே வெள்ளையாக இருந்தது.

அந்தத் தொழிலாளர்களுக்கும், பெட்டியைத் தோள்கொடுத்துத் தூக்கிய பிள்ளைகளுக்கும், ஜெபம் சொன்ன சாமியாருக்கும், வீட்டுக்கு வீடு காப்பி போட்டுக் கொடுத்த இரண்டு வரிசைப் பெண்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

தீர்மான நகல் இரண்டும் இப்போது என் பீரோவில் இருக்கின்றன. போன வாரம் வண்டி வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு நானே போனேன். யாரு நீங்க என்று கேட்டார்கள். தெருக்காரி என்று சொன்னேன்.