காரல் சாறும் ஒரு காலிக் கட்டமும்

மீன் சாறு எடுக்குத தொழில்ல மொதல்ல வாரது நாத்தம், ரெண்டாவது வாடகை வீட்டுக்காரி. பட்டவுகளுக்குத் தெரியும்.

எழுபதுகள்ல தூத்துக்குடி விசைப்படகு வலையில மாட்டுத பொடிக் காரல் மீன யாரும் சீந்த மாட்டாவ, கோழித் தீவனத்துக்குப் போவும். மூணு பங்கு காரலுக்கு ஒரு பங்கு உப்பு போட்டு மூடி வச்சா, ஆறு மாசத்துல தேன் நெறத்துல சாறு எறங்கும், வடிச்சுக் காய்ச்சினா கொழம்புக்கு ஊத்தலாம்னு ஒரு பயிற்சியில சொல்லிக் குடுத்தாவ. கையில கெடந்த வளையல வித்து நாலு டிரம்மு வாங்கிட்டேன்.

டிரம்முக்கு மெழுகுதிரி

வீட்டுக்காரி பிலோமியக்கா நாத்தம் தாங்காம டிரம்மச் சுத்தி நெதமும் சாம்பிராணி போட்டாவ. அவுகளுக்கு மூக்கு அப்படி. புருசன் துறைமுகத்துல பீடி குடிச்சா வீட்டுல கண்டுபிடிச்சிருவாவ, அது தனிக்கதை. ஈ வராம நான் வெள்ளத்துணி வேற கட்டியிருந்தேன். பெரியதாழையிலருந்து பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த ஒருத்தி, துணியையும் பொகையையும் பாத்துட்டு முட்டிபோட்டு மெழுகுதிரி ஏத்தி வச்சிட்டா. எந்திரிச்சு மெதுவா எங்கிட்ட கேக்கா: "ஏளா, உள்ள இருக்கது எந்தப் புனிதரு?"

மூக்கக் கட்டுன சாரு

அன்னைக்கே பிலோமியக்கா கறாராச் சொல்லிட்டாவ: சாப்பிட ஏத்ததுன்னு சர்க்கார் சீல் வந்தா இருக்கலாம், இல்லன்னா டிரம்மக் கடல்ல கவுத்துட்டு நான் வீட்டக் காலி பண்ணணும்னு. சாறு எறங்குனதும் சர்க்கார் ஆபீசுக்குக் கொண்டு போனேன். அங்க சோதிக்குத சாரு ஆழ்வார்திருநகரிக்காரரு, முட்டை கூட தொடாதவரு. மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு உப்பு, கிருமின்னு அஞ்சாறு நாளு பாத்தாரு. எல்லாம் தேறிட்டு. கடைசியில தாள்ல 'சுவை'ன்னு ஒரு கட்டம். அது நெரம்பாம சீல் விழாது. அவரு நாக்குல வைக்க மாட்டாரு. நான் நல்லாருக்குன்னா செல்லாது, சரக்கு என்னுது. தாளத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கே வந்து, துண்டுக்குள்ளருந்தே சொன்னாரு: "சாட்சி உங்களுக்கு வேண்டாதவாளா இருக்கணும். அப்படி யாரும் உண்டோ?"

கட்டம் நெரம்புனது

வேற யாரு, பிலோமியக்காதான். ஒரு சொல்லு போதும், வளையலும் போச்சு, வீடும் போச்சு. சுடுசோத்துல ரெண்டு சொட்டு விட்டுக் குடுத்தேன். கண்ண மூடி முழுங்குனாவ. சாரு பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு மொகத்தையே பாக்காரு. தட்ட எங்கிட்ட நீட்டிக்கிட்டே அக்கா சொன்னத, அவரு அப்படியே கட்டத்துல எழுதி சீலப் போட்டாரு: "நாத்தம் நாத்தந்தான். இன்னொரு பிடி சோறு போடு."

அன்னைக்கு நாலு டிரம்மும் பொழச்சுது, என்ன, அதுல பாதி டிரம்மு பிலோமியக்கா அடுக்களையிலேயே தீந்து போச்சு.