சண்டை இல்லாத பெட்டி

செஞ்சியில் திண்டிவனம் சாலையோரம் வீடியோ கேம் கடை வைத்திருந்த ஒருவரை ஒரு ஞாயிறு காலை பத்தரை மணிக்குச் சந்தித்தேன். ஒட்ட வெட்டிய நரைமுடி, கஞ்சி போட்ட சட்டை. பேசும்போதெல்லாம் அவருடைய கட்டைவிரல் காற்றில் ஏதோ பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கும்.

கடைக்குப் புதிதாக வந்த கன்சோல் பெட்டிக்கு அன்று திறப்பு விழா. மாலை போட்டு, சூடம் காட்டியாயிற்று. அதற்குக் கார் பந்தயம் வந்திருந்தது, சண்டை கேம் ஒன்றுகூட வரவில்லை.

"இப்பல்லாம் சண்டை கேம் யாருங்க ஆடறாங்க?" என்றேன்.

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? எனக்கே டென்ஷனா இருக்குது. சண்டை கேம் ஓடற பழைய பொட்டிய வல்லம் ஊர்க்காரரு ஒருத்தருக்குத் தரேன்னு சொல்லிட்டேன். சாயந்தரம் வந்துடுவாரு."

அதற்குள் முதல் ஆட்டம் யாருக்கு என்று லாரி ஓட்டுநருக்கும் மணிலாக் கடலை வியாபாரிக்கும் தகராறு.

"நான்தான் மொதல்ல வந்தேன்" என்றார் ஓட்டுநர்.

"யோவ், செருப்ப வுட்டுட்டு டீ குடிக்கப் போனா, அது வந்த கணக்கா?"

கடைக்காரர் பழைய பெட்டியைப் போட்டு, சண்டை கேமை எடுத்தார். "ஒரு ரவுண்டு. ஜெயிச்சவரு புதுசுல உக்காருங்க." அந்தக் கடையில் எந்த வழக்குக்கும் அதுதான் தீர்ப்பாம்.

வியாபாரி தோற்றார். "கை வழுக்கிடுச்சி, இன்னொரு ரவுண்டு!" பின்னால் நின்றவர்களும் வரிசைக்காக அதே கேமில் மோதத் தொடங்கினார்கள். பன்னிரண்டு மணிவரை புதுப் பெட்டியின் பக்கம் ஒருவரும் போகவில்லை.

கடைக்காரர் வல்லத்துக்குப் போன் போட்டார். "அண்ணே, வராதீங்க. பழசுக்கு வேல இருக்குது."

திறப்பு விழா நடந்தது என்று நாட்குறிப்பில் எழுதினேன். எந்தப் பெட்டிக்கு என்ற இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.