எம்மன்புரூக்கேயில் நாற்பத்தொரு பேர், துன்னில் வெறுங் கதிரைகள்

கடந்த புரட்டாதி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸிலிருந்து, லூசேர்னுக்குப் பக்கத்தில் இருக்கிற எம்மன்புரூக்கேக்கும், அங்கிருந்து நினைத்தும் பாராமல் துன் நகரத்துக்கும் போய்வந்தேன். இந்தப் பக்கங்களுக்கு ரயிலில் போக நினைக்கும் சிலர் விவரம் கேட்டார்கள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நேரமும் கட்டணமும் மனதில் கிடக்கிறபடியே சொல்கிறேன், பிழை இருக்காது.

போன காரணம் என் மகள் அபிராமி. ஏழு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, இங்கே புதிதாகத் தொடங்கிய ரக்பி லீக் கழகத்தில் வீரர்களின் காயம் பார்க்கும் பிசியோவாகச் சேர்ந்தவள். தெரியாதவர்களுக்கு: பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், முட்டை வடிவத்தில் பந்து. பந்து வைத்திருக்கும் பக்கத்தை ஆறு தரம் மடக்கிப் பிடித்தால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். இந்த விளையாட்டுக்குத் தாய்வீடு இங்கிலாந்தின் வடக்கு. சுரங்கமும் பஞ்சாலையும் இருந்த சின்னச் சின்ன ஊர்கள். அந்த ஊர்க் கழகங்கள் நடத்தும் லீக்கில், வெளிநாட்டிலும் விளையாட்டைப் பரப்பலாம் என்று எங்கள் கழகத்தை மூன்று வருடத்துக்குச் சேர்த்திருந்தார்கள். அந்த மூன்று வருடம் முடிகிறது. வைத்திருப்பதா, வெளியே விடுவதா என்று பழைய கழகங்கள் வாக்குப் போடும். அதற்கு முந்திய கடைசி ஆட்டம் இது. சனம் வருகிறதா என்று பார்க்க லீக்கிலிருந்து ஒருவர் வருகிறார்.

"அப்பா, கமராவுக்கு நேரை இருக்கிற பக்கம் உங்கட ஆக்களுக்கு," என்று அபி போனில் சொன்னாள். "அது வெறுமையாக் கிடந்தால் எங்கட கதை முடிஞ்சுது."

எம்மன்புரூக்கே தொழிற்சாலையில் நான் இருபத்திரண்டு வருடம் நின்றவன். அந்த ஊரில் எந்த மாடி வீட்டில் எந்தக் குடும்பம் என்று இப்போதும் சொல்வேன். நாற்பத்தொரு பேரைச் சேர்த்தேன். ஒவ்வொருவரோடும் நானே கதைத்தேன். இலவச டிக்கெட்டுகள் எல்லாம் என் பெயரில், என் போனில் இருந்தன.

என்னோடு வந்தது மச்சான் நடேசு, மனைவியின் தம்பி. முப்பத்தெட்டு வருடமாக இங்கிலாந்தின் வடக்கில், அப்படியான ஒரு சுரங்க ஊரில் இருக்கிறவன். அன்றைக்கு எதிர்த்து விளையாட வந்ததே அவனுடைய ஊர்க் கழகம்தான். கழுத்தில் அந்தக் கழகத்துச் சிவப்புச் சால்வையைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

காலை 10.24க்கு பூம்ப்ளிஸில் ஏழாம் இலக்க ட்ராம். பேர்ன் நிலையத்துக்குக் கால் மணி நேரம். பதினொரு மணி ரயில் சரியாகப் பன்னிரண்டுக்கு லூசேர்ன் போய்ச் சேரும். கட்டணத்தைப் பாதியாக்கும் ஹால்ப்டாக்ஸ் அட்டை இருந்தால் ஒரு வழிக்கு ஏறத்தாழ இருபது பிராங்க். நான் கெமைண்ட என்கிற ஊராட்சி அலுவலகத்தில் பத்து நாளுக்கு முன்பே நாள் டிக்கெட் எடுத்திருந்தேன், முப்பத்தொன்பது பிராங்க். நாள் முழுக்க எங்கேயும் ஏறி இறங்கலாம். மச்சானிடம் இரண்டும் இல்லை, முழுக் கட்டணம் கொடுத்தான்.

"மச்சான், உங்கட கழகம் பந்தை விட்டுட்டுச் சொக்லேட் எறிஞ்சு விளையாடலாம். சனமாவது வரும்," என்று ரயிலில் நடேசு தொடங்கினான்.

"நீ பேசாமல் வா. ரெண்டு நாளா என்ர வீட்டுச் சோறு திண்டுபோட்டு."

சிரித்தான். பிறகு முகம் மாறியது. "எங்கட ஊரிலை சுரங்கம் பூட்டியாச்சு. ஆலை பூட்டியாச்சு. போன வருசம் பாங்கும் பூட்டியாச்சு. மிஞ்சினது மைதானம் ஒண்டுதான். ரீவிக்காரர் கழகங்களுக்குக் குடுக்கிற காசிலை பங்கு உங்களிட்டை வந்தால் அதுவும் போகும். விளங்குதோ?"

"விளங்குது. அபியின்ர ஏழு வருசமும் அப்பிடித்தான். உனக்கு விளங்குதோ?"

மச்சான் சால்வையைத் திரும்பச் சுற்றிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினான்.

லூசேர்னில் இருந்து எம்மன்புரூக்கேக்கு எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், ஆறு நிமிடம். நிலையத்தில் இருந்து ஆற்றங்கரையோடு மைதானத்துக்குக் கால் மணி நேர நடை. சாய்வு இல்லாத வழி, வயதானவர்களும் போகலாம். 12.50க்குப் போய்ச் சேர்ந்தோம். ஆட்டம் மூன்று மணிக்கு. வாசல் படலை பூட்டியிருந்தது. அதில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது.

"என்னவாம்?" என்றான் மச்சான்.

"டிக்கெட்டைக் காட்டச் சொல்லி இருக்கும்."

"இருக்குமோ? நீ வாசிக்கமாட்டாய், எனக்கு ஜேர்மன் தெரியாது. நல்ல சோடி."

மதில் ஓரமாக இருந்தோம். அங்கே இருந்த நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, அதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. மச்சான் தன் ஊர் மைதானத்தைப் பற்றிச் சொன்னான். அவன் வழக்கமாக நுழைகிற கதவின் இலக்கம், அவன் கதிரை, பக்கத்துக் கதிரைக்காரனின் தகப்பன் இருந்த கதிரை. எங்கள் கழகத்துக்குச் சொந்தமாக ஒரு பிடி புல்லும் இல்லை. உதைபந்துக்காரரிடம் நாள் வாடகைக்கு எடுக்கிற மைதானம்.

1.40க்கு முதல் ஆளாக ரஞ்சன் வந்தான். தொழிற்சாலையில் என்னோடு நின்ற வெல்டர். மனைவி சனி விரதத்துக்கு ஏற்ற மரக்கறி ரோல்ஸ் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தாள். ரஞ்சன் கடதாசியைப் பார்த்தான், திரும்ப ஒருமுறை பார்த்தான்.

"அண்ணை, இண்டைக்கு இஞ்சை ஆட்டம் இல்லை. புல்லு மாத்துகினமாம். துன்னிலை எண்டு போட்டிருக்கு. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை என் போனுக்குச் செய்தி வந்தது. அபி எனக்கு எதையும் குரலில்தான் அனுப்புவாள். அந்தக் கிழமை அவள் வீரர்களோடு பயிற்சி முகாமில் இருந்தாள், கழக அலுவலகம் எழுத்தில் அனுப்பியது. நான் எழுத்தைப் பார்ப்பதில்லை, மேலே இருக்கிற கழகச் சின்னத்தைத்தான் பார்ப்பேன். சின்னம் வந்தால் ஆட்டம் உறுதி என்பது மூன்று வருடமாக என் கணக்கு. இதை எழுதுகிற மருமகள் அன்றைக்கு அடுத்த அறையில் இருந்தாள். காட்டியிருந்தால் வாசித்துச் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு முறையும் போனைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போவது எனக்குக் கூச்சம். நான் காட்டவில்லை.

இரண்டு மணிக்குள் நாற்பத்தொரு பேரும் படலைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒரு இடத்துக்கு நேரத்துக்கு வந்த நாள் அது ஒன்றுதான். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. ஒருத்தி குழந்தைக்கு உடுப்பு மாற்ற வேண்டும் என்றாள், இன்னொருவனுக்குப் பின்னேர வேலை. காரில் போனாலும் பாதி ஆட்டம் முடிந்துவிடும் என்று கணக்குப் பார்த்தார்கள். அபிக்கு நான்கு தரம் போன் அடித்தேன். ஆட்டத்துக்கு முந்திய நேரம், அவள் வீரர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பாள். எடுக்கவில்லை. கடைசியில் என்னோடும் மச்சானோடும் துன்னுக்கு வந்தது ஐந்து பேர்.

லூசேர்னில் மூன்று மணி ரயில், பேர்ன் நான்கு மணி. 4.07க்கு அடுத்தது, பதினெட்டு நிமிடத்தில் துன். அங்கிருந்து இரண்டு டாக்ஸி எடுத்தோம், அவசரம் இல்லாதவர்கள் பஸ்ஸில் போகலாம். எம்மன்புரூக்கேயில் இருந்து எல்லாமாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். எங்கள் டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்து, "ஆட்டம் முடியப் போகுதே," என்று ஜேர்மனில் சொன்னார்.

உள்ளே போனபோது ஒன்பது நிமிடம் மிச்சம். எங்கள் கழகம் இரண்டு புள்ளி பின்னால். எதிர்ப்பக்கம் கமரா நின்றது. எங்கள் பக்கம் வரிசை வரிசையாகச் சாம்பல் நிறக் கதிரைகள். ஒன்றிலும் ஆள் இல்லை. நாங்கள் ஏழு பேர் நடுவில் போய் இருந்தோம். மச்சான் சால்வையைக் கழற்றி ஜக்கெட்டுக்குள் வைத்துவிட்டு எழுந்து நின்று, தன்னுடைய ஊர்க் கழகத்துக்கு எதிராக, தொண்டை கிழியக் கத்தினான். மைதானத்தில் ஒரு பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற அபி திரும்பிப் பார்த்தாள். கையை அசைக்கவில்லை.

அதே இரண்டு புள்ளியில் தோற்றோம். லீக்காரர் இடைவேளையிலேயே படம் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டாராம்.

அபி வெளியே வந்தபோது கையில் மருந்து வாசம். "பிள்ளை, பிழை என்ர," என்றேன்.

"விடுங்கோ அப்பா. நாப்பது பேர் வந்திருந்தாலும் அவை வாக்கை அப்பிடித்தான் போடுவினம்."

"மெய்யாவோ?"

பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

மூன்று கிழமையில் வாக்கு நடந்தது. எங்களை வெளியே விட்டார்கள். அந்த வெறுங் கதிரைப் படத்தைக் கூட்டத்தில் பெரிதாக்கிக் காட்டினார்கள் என்று மச்சான் கேள்விப்பட்டுச் சொன்னான். அவனுக்கும் சந்தோசம் இல்லை. அவன் ஊரில் இப்போது ஒரு பக்கத்துக் கதிரைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம், இருக்க ஆளில்லை. எங்களைத் தள்ளிவிட்டும் அவர்கள் மைதானம் நிறையவில்லை. எங்கள் வீரர்கள் பதின்மூன்று பேரும் எங்கே போனார்கள் என்று என்னால் பெயர் பெயராகச் சொல்ல முடியும். ஒன்பது பேர் விளையாட்டையே விட்டுவிட்டார்கள்.

போக இருப்பவர்களுக்கு: கெமைண்ட நாள் டிக்கெட் எடுங்கள். வழி மாறினாலும் மேலதிகமாகக் காசு போகாது. லூசேர்னில் எஸ்-பானுக்கு மாறப் பத்து நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வராத எழுத்து உங்களில் யாருக்காவது வராவிட்டால், வந்த செய்தியை அன்றைக்கே வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள், கூச்சம் பார்க்காதீர்கள். ஆட்டம் பார்க்க என்று போகவேண்டாம். எம்மன்புரூக்கேயில் ரக்பிக் கம்பங்களைக் கழற்றிவிட்டார்கள்.

அபி திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், கிழமை நாட்களில் மட்டும். ஏழு வருடமாக அவள் சனிக்கிழமை வீட்டில் இருந்தது கிடையாது, இருக்கமாட்டாளா என்று நானே எத்தனை தரம் குறைப்பட்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு சனியும் பன்னிரண்டு மணிக்கு வருகிறாள். சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி எடுத்து, எனக்கு எதிரே இருந்து, ஆறுதலாகச் சாப்பிடுகிறாள். ஆட்டம் தொடங்குகிற மூன்று மணி ஆகிறபோதும் எழும்புவதில்லை. எனக்கு அந்தப் பக்கம் பார்க்க முடிவதில்லை.