மூச்சு அண்ணன்

கருவியின் மூடியைத் திறப்பதற்கு முன் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொள்வார். பிறகு விடமாட்டார். சின்னக் கிண்ணத்தில் பொடியை நிரப்பி, தட்டையாக்கி, கருவிக்குள் வைத்து, மூடியைத் திருகி முடிப்பதற்குள் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருக்கும். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. இரண்டும் அகச்சிவப்புக் கதிரை விழுங்கி வரைபடத்தைக் கெடுத்துவிடும். பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால் போதும். "பேசணும்னா வெளிய போய்ப் பேசுங்க. நீங்க பேசறதெல்லாம் என் கிராஃப்ல விழுது" என்பார். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மூச்சு அண்ணன் என்று பெயர்.

பதினெட்டு வருடமாக அந்தக் கருவியை இயக்குகிறார். காலையில் வந்ததும் அதன் உணர்வியைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றுவார். தனக்கு டீ அதற்கப்புறம்தான். என்ன வேலை என்று மைத்துனன் ஒருமுறை கேட்டான். "வினையூக்கின்னா வீட்டுத் தரகர் மாதிரி. ரெண்டு பார்ட்டியையும் சேத்து வெச்சுட்டு, தான் அப்படியே இருப்பான். உள்ள பேரம் நடக்கறப்ப கதவோரமா நின்னு ஒட்டுக்கேக்கறது என் வேலை" என்றார். சூடான வினையூக்கிப் பொடியின்மேல் வாயுவைச் செலுத்திக் கதிரைப் பாய்ச்சினால், அந்த நேரத்தில் பொடியில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு பொருளும் வரைபடத்தில் தனக்குரிய எண்ணில் கூரான மேடாக, ஒரு பீக்காக எழும். மைத்துனன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்குச் சம்பளம் வேற தராங்களா" என்றான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஆயிரத்து இருநூற்றறுபதில் ஒரு புது பீக் முளைத்தது. சூடு ஏற ஏற வளர்ந்தது. வினையின் நடுவே உண்டாகி மறையும் பொருள் அது, உலகத்தில் இதுவரை யார் கையிலும் சிக்காதது என்று பேராசிரியர் அடித்துச் சொன்னார். மதியத்துக்குள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். ஆய்வு மாணவர்கள் அம்புக்குறி அம்புக்குறியாக வினையை வரைந்தார்கள். ஒருவர் கணினியில் கணக்குப் போட்டு, பீக் சரியாக அங்கேதான் வர வேண்டும் என்று நிரூபித்தார். எங்கே வந்தது என்று அவரிடம் சொல்லாமல் இருந்திருந்தால் வேறு இடத்தில் நிரூபித்திருப்பார்.

"உங்க பேரையும் கட்டுரையில போடறேன்" என்றார் பேராசிரியர். அன்று அண்ணனுக்கு டீ இறங்கவில்லை. அவர் கருவியிலிருந்து நாற்பது கட்டுரைகள் போயிருக்கின்றன. எல்லாவற்றிலும் கடைசி வரியில் நன்றி வாங்கிக்கொள்ளும் ஆள் அவர், அதுவும் சிலிண்டர் கொண்டுவந்து போட்டவருக்குப் பிறகு. வீட்டில் மனைவி அக்காவுக்குப் போன் போட்டாள். "எங்க வீட்டுக்காரர் பேரு அச்சுல வருது." அக்கா எத்தனையாவது பேர் என்று கேட்டாள். "அஞ்சாவது. மொத்தமே அஞ்சு பேருதான்."

வெள்ளிக்கிழமைதோறும் வினையூக்கியை எடுத்துவிட்டு, எந்த வினையிலும் சேராத உப்புப் பொடியை வைத்து ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். உப்பில் எதுவும் எழக் கூடாது. எழுந்தால் அது கருவியின் அழுக்கு. பேராசிரியரின் அவசரத்தில் எட்டு வாரமாக அது நடக்கவில்லை. அவசரம் அவருடையது மட்டும்தான் என்றால் அது பொய். உப்பை வைக்க அண்ணனுக்கே மனம் வரவில்லை.

கட்டுரையை அனுப்புவதற்கு முந்தின நாள் மனசு கேட்காமல் வைத்தார். சூடு ஏறியது. ஆயிரத்து இருநூற்றறுபதில் பீக் ஜம்மென்று எழுந்து நின்றது. தரகரே இல்லாத வீட்டில் பேரம் நடக்கிறது. மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தைத் தொட்டார். விரல் வழுக்கியது. இரண்டு மாதத்துக்கு முன் வாயு கசிந்தபோது, கைக்குக் கிடைத்த சிலிகோன் கிரீஸை அதில் பூசியவர் அவர்தான். நோட்டில்கூட எழுதவில்லை. சூட்டில் அது ஆவியாகி வந்து பொடிமேல் உட்கார்ந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால், வேறு ஆய்வுக்கூடத்தில் யாராவது செய்து பார்க்கும்வரை, இன்னும் ஒரு வருடத்துக்கு யாருக்கும் தெரியாது. அதற்குள் கட்டுரை அச்சில் வந்துவிடும்.

மறுநாள் காலை எல்லோரும் கூடியிருந்தார்கள். மேசையில் கட்டுரையின் பிரதி, மேல்பக்கத்தில் ஐந்து பெயர்கள். அண்ணன் தன் வரைபடத்தை அதன்மேல் வைத்தார்.

"பிரமாதம். எந்தப் பொடி இது?" என்றார் பேராசிரியர்.

"உப்பு சார்."

கணக்குப் போட்ட மாணவர், "ஒருவேளை உப்பும் வினையூக்கியா இருக்கலாம் சார்" என்றார். பேராசிரியர் அரை நிமிடம் அதையும் யோசித்துப் பார்த்தார்.

"அது கிரீஸ் சார். வளையத்துல இருக்கு."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்கள் வரைபடத்தை விட்டு அகலவில்லை. "எட்டு வார வேலை. யாரு பூசினது?"

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் வலது கையைத் தூக்கினார். பேராசிரியர் நிமிர்ந்து பார்க்கும்வரை இறக்கவில்லை.