ஜொகூர் பாருவில் போட்ட ஒன்பது மதிப்பெண்

வெள்ளிக்கிழமை காலை 8.30. கோலாலம்பூர் தெற்கு முனையத்திலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பேருந்து. கட்டணம் முப்பத்தெட்டு ரிங்கிட், தூரம் ஏறக்குறைய முந்நூற்று முப்பது கிலோமீட்டர். கிள்ளானில் வீட்டைப் பூட்டிய பிறகு, பூட்டினேனா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன். நான் போவது அஞ்சல்தலைக் கண்காட்சிக்கு. வேடிக்கை பார்க்க அல்ல, பயிற்சி நடுவராக.

எங்கள் சங்கத்தில் நடுவராவது அப்படியொன்றும் லேசான காரியம் இல்லை. ஒரு கண்காட்சியில் ஐந்து தொகுப்புகளைத் தனியாளாக மதிப்பிட்டு, பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் நடுவர் குழு தன் மதிப்பெண்ணைச் சொல்லும். மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் நிற்கவில்லையென்றால் தேறவில்லை. இரண்டே வாய்ப்பு. முதல் வாய்ப்பை ஈப்போவில் கோட்டை விட்டேன். கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் நான். நாள் முழுக்க ஓட்டை தேடுவதுதான் வேலை. அப்படிப்பட்டவள் ஈப்போவில் ஒரு அழகான தொகுப்பைப் பார்த்து மயங்கி மதிப்பெண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் அறுபது வயதுக்காரர். மடியில் தட்டையான அட்டைப்பெட்டி. நடத்துனர் கேட்டும் அதைக் கீழே சாமான் அறையில் வைக்கச் சம்மதிக்கவில்லை. பெயர் மாணிக்கம், ஊர் கோத்தா திங்கி, செம்பனை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காஜாங்கில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து வருகிறார். சிரம்பான் தாண்டும்போது பெட்டியைத் திறந்தார். எல்லாம் பழைய ஜொகூர் அஞ்சல் உறைகள், நான் போகும் அதே கண்காட்சிப் போட்டிக்கு.

அங்கேயே நான் யாரென்று சொல்லியிருக்க வேண்டும். போட்டிக்கு முன்னால் காட்சியாளரோடு அவர் தொகுப்பைப் பற்றி நடுவர் பேசக்கூடாது. பயிற்சி நடுவருக்கும் அதே விதிதான். சொல்லியிருந்தால் பேச்சு நின்றிருக்கும். பதற்றத்தில் இருந்த எனக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது.

"இதைப் பாருங்க தங்கச்சி. எங்க ஊரு எஸ்டேட்டுல இருந்து காரைக்குடிக்குப் போன கவரு" என்று ஒன்றைக் கையில் கொடுத்தார். சுல்தான் தலை போட்ட அஞ்சல்தலை. வட்ட முத்திரை பாதி அஞ்சல்தலையிலும் பாதி உறையிலும் துல்லியமாக விழுந்திருந்தது.

"ரொம்ப சுத்தமா இருக்குண்ணே."

சிரித்தார். "பாஞ்சிர் வந்தப்போ வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. இதுல இருந்த ஸ்டாம்பு கழண்டு தனியா மிதந்துச்சு. காய வெச்சு, பூதக்கண்ணாடி வெச்சு, முத்திரைக் கோட்டோட கோடு சேர்த்து நான்தான் ஒட்டினேன். தெரியுதா?"

தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். பெருமையில் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

மதியம் 1.10. லார்கின் நிலையத்தில் அவரவர் வழியில் பிரிந்தோம். விடுதிக்கு வாடகைக் காரில் பன்னிரண்டு ரிங்கிட். ஓட்டுநர் குமார் பதினோரு வருடம் சிங்கப்பூருக்குத் தினமும் மோட்டார்சைக்கிளில் போய் வந்தவராம். "பாலத்துல நின்னு நின்னே பாதி வயசு போச்சுக்கா. இப்ப ஜாமே இல்லாத ரோட்டுல ஓட்டுறப்பவும் காலு தரையைத் தேடுது" என்றார். மாலையில் கடலோரம் நடந்தேன். எதிரே சிங்கப்பூர், பாலத்தின் மேல் லாரிகள் வரிசையாக நின்றன. எனக்கும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. விதிப்புத்தகத்தை விரிப்பதும் மூடுவதுமாகப் பொழுது போயிற்று.

சனிக்கிழமை காலை 9.00. கண்காட்சிக் கூடம். குழுத் தலைவர் வள்ளியம்மை, வழக்கறிஞர், சிரம்பானில் நான்கு தலைமுறையாக இருக்கும் செட்டிநாட்டுக் குடும்பம். ஐந்து தொகுப்புகளின் எண்களைக் கொடுத்து, "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. வேற ஒண்ணு தர்றேன்" என்றார். இல்லை என்றேன். தாளில் எண்கள் மட்டும்தான், பெயர்கள் இல்லை; அப்போது எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

நான்காவது தொகுப்பின் முன்னால் போய் நின்றேன். கண்ணாடிச் சட்டத்துக்குள், முதல் பக்கத்திலேயே, காரைக்குடிக்குப் போன அதே உறை. ஒட்டியது பற்றிக் கீழே ஒரு வார்த்தை இல்லை. பழுது பார்த்திருந்தால் எழுதியாக வேண்டும் என்பது விதி.

திரும்பி நடந்து வள்ளியம்மையிடம் சொல்ல இருபது அடி தூரம்கூட இல்லை. சொல்லியிருந்தால் வேறு தொகுப்பு கிடைத்திருக்கும், கதை முடிந்திருக்கும். ஆனால் பேருந்தில் ஏன் பேசினாய் என்பார்களே, கடைசி வாய்ப்பாயிற்றே என்று மனம் அடித்துக்கொண்டது. தெரிந்ததற்காகக் குறைத்துப் போட்டால் குழுவோடு இடிக்கும், காரணம் கேட்பார்கள். கண்ணாடி வழியே பார்க்கிற யாருக்கும் தெரியாதது எனக்கும் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். உறைகளின் நிலைமைக்குப் பத்துக்கு ஒன்பது, மொத்தம் நூற்றுக்கு எண்பத்தைந்து. கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டிக் கொடுத்தேன்.

பகல் 11.40. என் மதிப்பெண் உறையைப் பிரித்தார்கள். ஐந்திலும் வித்தியாசம் இரண்டைத் தாண்டவில்லை. நான்காவதில் குழுவும் எண்பத்தைந்துதான். தேறிவிட்டேன் என்று கால்கள் லேசாயின. வள்ளியம்மை என்னைச் சட்டத்தருகே அழைத்துப் போனார். கடைசியாக இப்படி வாய்மொழியாகக் கேட்பதும் வழக்கம்.

"இந்தக் கவரைப் பத்திச் சொல்லுங்க. ஸ்டாம்பு இந்தக் கவரோடதுதான்னு எப்படிச் சொல்லுவீங்க?"

முத்திரை இரண்டிலும் தொடர்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், அந்தப் பாதி உண்மை வரவில்லை.

"ஸ்டாம்பு இதோடதுதான் மேடம். ஆனா வெள்ளத்துல கழண்டு, திரும்ப ஒட்டினது."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எனக்குத் தெரியலையே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கலை. பஸ்ஸுல அவரே சொன்னாரு."

காட்சியாளர் முன்னிலையில்தான் சட்டத்தைத் திறக்கலாம். மாணிக்கம் அண்ணனை அழைத்து வந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு என் கழுத்து அட்டையில் 'பயிற்சி நடுவர்' என்பதைப் படித்தார். நடுவர் ஒருவர் புற ஊதா விளக்கை எடுத்தார். புதுப் பசை அதில் ஒளிரும்.

"விளக்கு வேணாம் சார். நான் ஒட்டினதுதான்" என்றார் மாணிக்கம் அண்ணன்.

"அடியில ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா ரெண்டு மார்க்தான் போயிருக்கும்" என்றார் வள்ளியம்மை, வருத்தத்தோடுதான். எண்பத்தைந்துக்குக் கிடைக்க இருந்த பொன்முலாம் பதக்கம் வெள்ளியாயிற்று.

மாணிக்கம் அண்ணன் போன பிறகு வள்ளியம்மை என் தாளில் அந்த ஒன்பதைத் தொட்டுக் காட்டினார். "கண்ணுக்குத் தப்புறது எல்லாருக்கும் நடக்கும், எனக்கே தப்பிருச்சு. ஆனா நீங்க தெரிஞ்சுக்கிட்டே ஒன்பது போட்டிருக்கீங்க. இதுக்கு மேல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

தேறவில்லை என்று எழுதினார்.

ஞாயிறு பிற்பகல் 3.40. லார்கின். கோத்தா திங்கிப் பேருந்துக்காக மாணிக்கம் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பெட்டி மடியில். அவருக்கு நாற்பது கிலோமீட்டர்தான். ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது. இருந்தும் போய் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிடுங்கண்ணே. மேடம் நேரா கேட்டாங்க. மறைக்க முடியலை."

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உங்களைக் கேட்டாங்க, சொன்னீங்க" என்றார் மெதுவாக. "என்னை யாரும் கேக்கலை லா. நானாத்தான் உங்ககிட்ட சொன்னேன்."

அவருடைய பேருந்து வந்தது. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

என் பேருந்து யோங் பெங் தாண்டும்வரை செம்பனை வரிசைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு போனாலும் அதே மரங்கள். வெட்கமாக இருந்தது. அவர் பதக்கம் போனது ஒரு பக்கம். அந்த மனிதரின் முன்னால் நான் சிறுத்துப்போனது இன்னொரு பக்கம்.

கிள்ளானுக்குத் திரும்பிய பிறகு வீட்டில், தொழிற்சாலையில், சங்கத்தில் என்று எல்லோரும் விசாரித்தார்கள். மதிப்பெண் பத்தவில்லை என்றே சொல்லி வந்தேன். இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.